கடாரத்து மலையும் மலைமேற் சுனையும்

கோலா கெடாவின் பழைய கோட்டைச் சுவரருகே நின்று, வானம் தெளிந்த நாளில் தெற்கே நோக்குவோர்க்குத் தனித்து நிற்கும் மலையொன்று தோன்றும். அதுவே ஜெராய். உயரம் 1217 மீட்டர். அத்தனை உயரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 120 கிலோமீட்டர் தொலைவு வரை தெரியும் என்பது கணக்கு. வங்கக் கடலைக் கடந்து வந்த மரக்கலத்தார்க்கு இம்மலையே கரையின் முதல் அடையாளம்.

மலை முன்னாளில் தீவாக இருந்தது என்று மலாய் நூலாகிய ஹிக்காயத் மெரோங் மகாவங்சா கூறும். கதை என்று ஒதுக்குவதற்கில்லை. பண்டைக் கடற்கரை இன்றைய கரையினும் உள்ளே தள்ளியிருந்தது என நில ஆய்வாளரும் கண்டுள்ளனர். 671இல் சீனாவிலிருந்து புறப்பட்ட யாத்திரிகர் இ-சிங், கெடாவில் தங்கியே இந்தியாவுக்குக் கலம் ஏறினார்.

வேனிற்காலத்தில் மெர்போக் பக்கமிருந்து ஏறுவோர், காலையில் புறப்பட்டு மாலைக்குள் இறங்கிவிடலாம். (குரூண் பக்கம் மோட்டார்ச் சாலையும் உண்டு, அதில் போவோர் மலையைக் காண்பர், மலையின் வரலாற்றைக் காணார்.) அடிவாரத்தில் ஓடையருகே நிற்பது புக்கிட் பத்து பகாட் கோயில். பத்து பகாட் என்றால் செதுக்கிய கல் என்று பொருள். கருவறையும் அதன் முன்னே மண்டபமும் உடைய இச்சிவன் கோயிலை 1930களில் குவாரிச் வேல்ஸ் அகழ்ந்தார். 1959-60இல் அலஸ்டர் லாம்ப் கற்களைத் திரும்ப அடுக்கி நிறுத்தினார். மண்டபத்தின் மரத்தூண்களும் கூரையும் மண்ணாகிவிட்டன. தூண் நின்ற கல் இருக்கைகளே எஞ்சின.

மேலே, காடு குட்டையாகிப் பாறை தலைகாட்டும் இடத்துக்கு அணித்தாய்ச் சுனையொன்று உண்டு. டோக் ஷெய்க் என்னும் பெரியார் பெயரால் மலாய் மக்கள் அதைத் தெலாகா என வழங்குவர். கீழே சிவன் கோயில், மேலே இஸ்லாமியப் பெரியாரின் நீர்நிலை. மலை ஒன்றே, அதை வணங்கியோர் காலந்தோறும் மாறினர். உச்சியிலும் கட்டடச் சிதைவு உண்டு. அதைக் கோயில் என்பாரும், கலங்களுக்குத் தீ காட்டிய இடம் என்பாரும் உளர். ஒன்று மற்றொன்றை விலக்க வேண்டுவதில்லை. நம் நாட்டுக் குன்றுக் கோயில்களில் கார்த்திகை விளக்கு ஏற்றுவதைக் கண்டார்க்கு இது வியப்பன்று.

இனி, சோழர் செய்தி. 1025ஆம் ஆண்டளவில் இராசேந்திரன் படை கடாரம் கொண்டது. தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டு அதைப் பாடுகிறது. ஆனால் அம்மெய்க்கீர்த்தி கடாரத்துக்குக் கடலையே காவலாகச் சொல்கிறது. இத்துணைப் பெரிய மலையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பத்து பகாட்டிலோ சோழர் பெயர் பொறித்த கல் எதுவும் கிடைக்கவில்லை. ஆகவே ‘இராசேந்திரன் கட்டிய கோயில்’ என்று மாணவர்க்குச் சொல்லிக்கொடுப்பது முறையன்று. பட்டினப்பாலையின் காழகத்துக்குக் கடாரம் என நச்சினார்க்கினியர் எழுதிய உரையும் நூலுக்குப் பல நூற்றாண்டு பிந்தியது.

உறுதியான சான்று வேறிடத்தில் உள்ளது. படையெடுப்புக்கு ஏறத்தாழ இருபதாண்டு முன்னர், கடாரத்து அரசன் பெயரால் நாகப்பட்டினத்தில் எழுந்த சூடாமணி விகாரத்துக்கு இராசராசன் ஆனைமங்கலம் என்னும் ஊரைக் கொடையாக அளித்தான். லைடன் செப்பேடு அதைக் கூறும். வெற்றியை மட்டும் பேசி இந்நட்பை விட்டுவிடுவது பாதி வரலாறு.

பிற்காலத்தில் ரப்பர்த் தோட்டங்களுக்கு வந்த தமிழர், பீடோங், சுங்கை பட்டாணி வட்டாரங்களில் இம்மலையின் நிழலிலேயே பால் வெட்டினர். காட்டுக்குள் கிடந்த செங்கற்கள் யாருடையவை என்று அவர்க்குச் சொல்வார் இல்லை. சொல்லும் காலம் வந்த பின்பும் இழப்பு நிற்கவில்லை: 11ஆம் எண்ணிட்ட கோயில் மேடை நிலம் திருத்தும் பணியில் இடிக்கப்பட்ட செய்தி 2013இல் வெளிவந்தது. எண்ணிட்டுப் பதிந்திருந்தும் அது தப்பவில்லை. காடு மூடிய உச்சிச் சிதைவுகள் இன்னும் மலைமேல் இருக்கின்றன.