காலி இடத்தின் விலை

பனிக்களம்: வரலாற்றுத் தொடர் – 17

1988 ஆகஸ்ட் 9 அன்று எட்மண்டனில் ஐஸ் ஹாக்கி நட்சத்திரம் வேய்ன் கிரெட்ஸ்கி செய்தியாளர்கள் முன்னால் பேச முடியாமல் அழுததைச் சென்ற வாரம் பார்த்தோம். எட்மண்டன் ஆயிலர்ஸ் அவரை லாஸ் ஏஞ்சல்ஸ் கிங்ஸுக்குக் கொடுத்துவிட்டுப் பதிலுக்கு இரண்டு வீரர்களையும், இளம் வீரர் தேர்வில் மூன்று முதல் சுற்று உரிமைகளையும், ஒன்றரைக் கோடி டாலர் ரொக்கத்தையும் பெற்றுக்கொண்டது. அணியின் உரிமையாளர் பீட்டர் பாக்லிங்டனுக்கு அந்த ரொக்கம்தான் முக்கியமாக இருந்தது. அரசே தலையிட்டு இதைத் தடுக்க வேண்டும் என்று கனடாவின் நாடாளுமன்ற உறுப்பினர் நெல்சன் ரீஸ் கேட்கும் அளவுக்கு அந்த நாடு கொதித்தது.

இன்று அப்படியொரு டிரேடு நடக்கவே முடியாது. வீரர் கைமாறும்போது ரொக்கம் கைமாறக் கூடாது என்பது இப்போது வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்கான என்.எச்.எல். விதி. ரொக்கம் இருந்த இடத்தில் வேறொரு பண்டம் வந்து உட்கார்ந்திருக்கிறது. அணியின் சம்பளக் கணக்கில் மீதமிருக்கும் காலி இடம்தான் அந்தப் பண்டம். அது எப்படி வந்தது, யாரை எந்த ஊருக்கு அனுப்பியது என்பதுதான் இந்த வாரக் கதை.

தொண்ணூறுகளில் வீரர்களின் சம்பளம் கிடுகிடுவென ஏறியது. கனடாவின் சிறிய நகரங்களுக்கு இது இரட்டை அடி. டிக்கெட் விற்று வருவது கனடா டாலர், வீரருக்குக் கொடுப்பது அமெரிக்க டாலர். 1995-இல் கியூபெக் நகரத்து அணி டென்வருக்குப் போய்க் கொலராடோ அவலாஞ்ச் ஆனது. மறு வருடமே லீக்கின் சாம்பியன் பட்டமான ஸ்டான்லி கோப்பையையும் வென்றது. 1996-இல் வின்னிபெக் ஜெட்ஸ் அரிசோனா பாலைவனத்துக்குப் புறப்பட்டது. இந்த வின்னிபெக்கை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நம் கதை மறுபடி மறுபடி அங்கேதான் போய் நிற்கிறது.

2004 பிப்ரவரியில், அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையத்தின் முன்னாள் தலைவர் ஆர்தர் லெவிட்டைக் கொண்டு லீக் ஓர் அறிக்கை வாங்கியது. 2002-03 சீசனில் அணிகள் மொத்தமாக 27.3 கோடி டாலர் இழந்தன, வருமானத்தில் 75 சதவீதம் வீரர்களுக்கே போகிறது என்றது அறிக்கை. வீரர்கள் சங்கம் அந்தக் கணக்கை ஏற்கவில்லை. லீக் ஆணையர் கேரி பெட்மன் சம்பள உச்சவரம்பு வேண்டும் என்றார். சங்கத் தலைவர் பாப் குட்னவ் அந்தப் பேச்சுக்கே இடமில்லை என்றார். செப்டம்பரில் கதவடைப்பு தொடங்கியது.

கடைசியில் இருவரும் எவ்வளவு நெருங்கினார்கள் என்பதைப் படிக்கும்போது இன்றும் மனம் ஆறவில்லை. அணிக்கு 4.25 கோடி டாலர் என்றது லீக், 4.9 கோடி என்றது சங்கம். நடுவில் அறுபத்தைந்து லட்சம் டாலர் வித்தியாசம். 2005 பிப்ரவரி 16 அன்று பெட்மன் சீசனையே ரத்து செய்தார். வட அமெரிக்காவின் பெரிய லீக்குகளில் ஒரு முழு சீசன் தொழில் தகராறில் போனது அதுவே முதல் முறை. ஸ்டான்லி கோப்பையை யாரும் வெல்லாத ஆண்டு, 1919-இல் விஷக்காய்ச்சல் இறுதிப் போட்டியை நிறுத்திய பிறகு அதுதான். ஜூலையில் உடன்பாடு வந்தபோது உச்சவரம்பு 3.9 கோடியாக இருந்தது. சங்கம் பிப்ரவரியில் மறுத்த தொகையைவிடக் குறைவு. போதாததற்கு, ஏற்கெனவே கையெழுத்தான ஒப்பந்தங்களிலும் 24 சதவீதம் வெட்டு. சில நாட்களில் குட்னவ் பதவி விலகினார்.

ஐ.பி.எல். ஏலத்தில் ஒவ்வோர் அணிக்கும் இவ்வளவுதான் செலவழிக்கலாம் என்று ஒரு தொகை வைத்திருப்பதை நாம் அறிவோம். ஏறக்குறைய அதே யோசனைதான். ஆனால் இங்கே ஏலம் இல்லை. சீசனில் ஒவ்வொரு நாளும் கணக்கு சரியாக இருக்க வேண்டும். ஒப்பந்தத்தின் மொத்தத் தொகையை வருடங்களால் வகுத்து, அந்தச் சராசரியைத்தான் அணியின் கணக்கில் ஏற்றுவார்கள். இந்த வருடம் வீரரின் கைக்கு எவ்வளவு போகிறது என்பது வேறு, கணக்கில் எவ்வளவு ஏறுகிறது என்பது வேறு. உச்சவரம்போடு ஒரு கீழ்வரம்பும் உண்டு. முதல் வருடம் அது 2.15 கோடி. அதற்குக் கீழேயும் எந்த அணியும் போகக் கூடாது. இந்த இரண்டு விதிகளையும் மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் விசித்திரங்கள் எல்லாம் புரியும்.

முதல் பலன் கிரெட்ஸ்கியை இழந்த ஊருக்கே கிடைத்தது. 2005 ஆகஸ்டில் செயின்ட் லூயிஸ் அணியிலிருந்து கிறிஸ் பிராங்கர் எட்மண்டனுக்கு வந்தார். தற்காப்பு வீரராக இருந்தும் 2000-இல் லீக்கின் மிகச் சிறந்த வீரர் விருதை வாங்கியவர். எட்மண்டன் போன்ற ஊர் அப்படி ஒருவரை வாங்கும் என்று ஒரு வருடம் முன்பு யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். மறு வருட இறுதிச் சுற்றில் எட்மண்டனும் கரோலைனாவும் மோதின. பெரிய நகரம் எதுவும் இல்லாத அந்த இறுதி ஏழாவது ஆட்டம் வரை போய், கரோலைனா வென்றது. உச்சவரம்பை எதிர்ப்பவர்களுக்கும் நான் இதைச் சொல்வேன்: அது சில ஊர்களுக்கு உண்மையிலேயே உயிர் கொடுத்தது.

அதன் இன்னொரு முகத்தை சிகாகோ பார்த்தது. 2010 ஜூன் 9, பிலடெல்பியா. கூடுதல் நேரத்தில் பேட்ரிக் கேன் அடித்த பக் (ஆட்டத்தின் ரப்பர் வட்டு) வலையின் அடிப்பகுதியில் சொருகிக்கொண்டது. அவரைத் தவிர அரங்கில் ஏறக்குறைய யாருக்கும் அது கோல் என்று உடனே தெரியவில்லை. கையுறைகளை வீசிவிட்டு அவர் ஓடினார். சிகாகோ பிளாக்ஹாக்ஸுக்கு 49 வருடங்களுக்குப் பிறகு கோப்பை.

ஆனால் அதற்கு ஆறு மாதம் முன்பே, டிசம்பரில், கேனுக்கும் கேப்டன் ஜோனதன் டேவ்ஸுக்கும் வருடத்துக்குச் சராசரி 63 லட்சம் டாலர் என ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்தது. டங்கன் கீத்துக்கும் நீண்ட ஒப்பந்தம். அடுத்த சீசனின் உச்சவரம்பு 5.94 கோடி, அதற்குள் வென்ற அணி அடங்காது. கோப்பை வென்று இரண்டு வாரம் ஆன நிலையில், அந்தப் பிளே ஆஃபில் 11 கோல் அடித்த டஸ்டின் பஃப்லின் அட்லாண்டாவுக்கு அனுப்பப்பட்டார். பிரென்ட் சோப்பலும் பென் ஈகரும் அவரோடு போனார்கள். மாத முடிவில் கிறிஸ் வெர்ஸ்டீக் டொரான்டோவுக்கு. ஜூலை 1 அன்று ஆண்ட்ரூ லாட், அவரும் அட்லாண்டாவுக்கு. கோப்பையை வென்று தந்த கோல்கீப்பர் ஆன்ட்டி நியமிக்கு 27.5 லட்சம் டாலர் தர வேண்டும் என்று சம்பளத் தகராறு நடுவர் தீர்ப்பளித்தார். அந்தத் தொகைக்கும் இடமில்லை. அணி அவரை விட்டுவிட்டது.

யாரும் மோசமாக ஆடியதற்காகப் போகவில்லை. சேர்ந்து வென்றதால் எல்லோருடைய மதிப்பும் ஒரே நேரத்தில் ஏறியது. ஏறிய மதிப்பு வரம்புக்குள் நிற்கவில்லை. வாங்கும் அணிகளுக்கும் இது தெரியும். சிகாகோ விற்றே ஆக வேண்டும் என்று தெரிந்த பிறகு முழு விலை கொடுக்க யார் வருவார்கள்?

மறு வருடம் அட்லாண்டா அணி அங்கே தாக்குப்பிடிக்காமல் ஊர் மாறியது. எங்கே தெரியுமா? வின்னிபெக்குக்கு. 15 வருடம் அணியில்லாமல் தவித்த நகரத்துக்கு ஜெட்ஸ் என்ற பெயர் திரும்ப வந்தது. அதன் கேப்டன் ஆண்ட்ரூ லாட். அடுத்த பல வருடங்களுக்கு அந்த ஊர் ரசிகர்களின் செல்லப் பிள்ளை பஃப்லின். சிகாகோவில் இடமில்லாமல் போனவர்களைச் சுற்றித்தான் வின்னிபெக் தன் அணியைக் கட்டியது.

சிகாகோ 2013-இலும் 2015-இலும் மறுபடி வென்றது. ஒவ்வொரு முறையும் சிலரை இழந்தது. அவர்களில் பிரையன் பிக்கெல்லின் கதை மட்டும் போதும். 2013 இறுதியின் ஆறாவது ஆட்டத்தில், ஒரு கோல் பின்தங்கியிருந்தபோது, ஆட்டம் முடிய 76 வினாடிகள் இருக்கையில் சமன் செய்தவர் அவர். 17 வினாடி கழித்து டேவ் போலண்ட் வெற்றி கோலை அடித்தார். நன்றியாகப் பிக்கெல்லுக்கு நான்கு வருடம், வருடத்துக்கு 40 லட்சம் டாலர் ஒப்பந்தம் கிடைத்தது. பிறகு அவர் ஆட்டம் சரிந்தது. ஏன் சரிந்தது என்று யாருக்கும் புரியவில்லை. 2016 ஜூனில் அந்த 40 லட்சத்தைக் கணக்கிலிருந்து இறக்க சிகாகோ முடிவு செய்தது. அவரை மட்டும் கொடுத்தால் யாரும் வாங்க மாட்டார்கள் என்பதால், 21 வயது ட்டேவோ ட்டெராவைனனையும் சேர்த்துக் கரோலைனாவிடம் கொடுத்தது. கிடைத்தவை ஓர் இரண்டாம் சுற்று உரிமை, ஒரு மூன்றாம் சுற்று உரிமை. சிகாகோ உண்மையில் வாங்கியது காலி இடம். ட்டெராவைனன்தான் அதற்குக் கொடுத்த விலை.

அந்த நவம்பரில் பிக்கெல்லுக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய் இருப்பது தெரியவந்தது. சிகிச்சை எடுத்துக்கொண்டு மீண்டும் களத்துக்கு வந்தார். 2017 ஏப்ரலில், ஓய்வு பெறப்போவதாகச் சொல்லிவிட்டு ஆடிய கடைசி ஆட்டத்தில், ஷூட் அவுட்டில் கோல் போட்டார். அவருடைய சக வீரர்கள் பெஞ்சில் எழுந்து நின்று குதித்தார்கள். கணக்குப் புத்தகத்தில் வெறும் சுமையாக எழுதப்பட்டிருந்த எண்ணுக்குப் பின்னால், காரணம் தெரியாமலே நோயோடு ஆடிக்கொண்டிருந்த ஒரு மனிதர் இருந்தார்.

அரிசோனாவுக்கு வருவோம். வின்னிபெக்கிலிருந்து போன பழைய ஜெட்ஸ்தான் அது. 2009-இல் திவாலான அந்த அணிக்கு உச்சவரம்பு ஒரு பிரச்சினையே இல்லை; கீழ்வரம்பைத் தொடுவதுதான் பாடு. ஆகவே இனி ஆடவே போகாத வீரர்களின் ஒப்பந்தங்களை அது வாங்கத் தொடங்கியது. 35 வயதுக்குப் பின் தொடங்கும் பல்லாண்டு ஒப்பந்தம், வீரர் ஓய்வு பெற்றாலும் அணியின் கணக்கில் நிற்கும் என்பது அப்போதைய விதி. கிறிஸ் பிராங்கர் கண்ணில் அடிபட்டு 2011-லேயே ஆட்டத்தை நிறுத்தியிருந்தார். 2015-இல் அவர் லீக் அலுவலகத்திலேயே வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது, அவர் கடைசியாக ஆடிய பிலடெல்பியா அவருடைய ஒப்பந்தத்தை அரிசோனாவிடம் தள்ளிவிட்டது. கணக்கில் 49 லட்சம் டாலருக்கு மேல். உண்மையில் தர வேண்டியது அதில் ஒரு சிறு துண்டு. அந்த நவம்பரில் அவர் ஹாக்கியின் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றபோதும் ஏட்டின்படி அரிசோனா வீரர்.

அடுத்த வருடம் டெட்ராய்ட்டின் பாவெல் டட்சுக் ரஷ்யாவுக்குத் திரும்பியதும் அவருடைய 75 லட்சமும் அரிசோனாவுக்கே போனது. அரிசோனா அவருக்கு ஒரு டாலரும் தர வேண்டியதில்லை. அதை ஏற்றுக்கொண்டதற்குக் கூலியாக, இளம் வீரர் தேர்வில் டெட்ராய்ட்டின் 16-ஆவது உரிமை கிடைத்தது. பதிலுக்குத் தன் 20-ஆவது, 53-ஆவது உரிமைகளைக் கொடுத்தது. சிறிய ஊர்களில் நல்ல அணி இருக்க வேண்டும் என்று ஏற்படுத்திய கீழ்வரம்பு, ஆடாத மனிதர்களின் பெயர்களால் நிரப்பப்பட்டது. எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் வருத்தம் தருவது இதுதான். அந்த அணியும் நிற்கவில்லை. 2024-இல் அதன் வீரர்கள் யூட்டாவுக்குப் போய்விட்டார்கள்.

2013-இல் இன்னொரு வழி திறந்தது. வீரரைக் கொடுக்கும் அணி அவருடைய சம்பளத்தில் பாதி வரை தன் கணக்கிலேயே வைத்துக்கொள்ளலாம். 2025 வரை, மூன்றாவது அணி ஒன்று உடனுக்குடன் நடுவில் புகுந்து மிச்சத்தில் பாதியையும் ஏற்க முடிந்தது. 2021 ஏப்ரலில் டேவிட் சவார்ட் கொலம்பஸிலிருந்து டாம்பா பேவுக்குப் போனபோது டெட்ராய்ட் அப்படித்தான் நடுவில் நின்றது. கூலி, ஒரு நான்காம் சுற்று உரிமை. அந்த சீசனில் டாம்பாவின் நிகிதா குசெரோவ் இடுப்பு அறுவைச் சிகிச்சையால் 56 ஆட்டங்களிலும் ஆடவில்லை. அவருடைய 95 லட்சத்துக்குச் சமமாக வரம்பைத் தாண்ட அணிக்கு அனுமதி கிடைத்தது. வரம்பு கணக்கில் இல்லாத பிளே ஆஃபுக்கு அவர் திரும்பி வந்தார், அணி கோப்பையை வென்றது. இந்த ஓட்டையை 2025-26 சீசனில்தான் அடைத்தார்கள்; இப்போது பிளே ஆஃபிலும் வரம்பு உண்டு.

2025 ஜனவரியில், கியூபெக்கிலிருந்து போன அந்தக் கொலராடோ, தன் முன்னணி வீரர்களில் ஒருவரான மிக்கோ ரன்ட்டனனைக் கரோலைனாவுக்கு அனுப்பியது. 2022-இல் கோப்பை வென்று தந்தவர். புது ஒப்பந்தத் தொகையில் இழுபறி. டிரேடு கணக்கில் அடங்குவதற்காக அவருடைய 92.5 லட்சத்தில் பாதியைச் சிகாகோ ஏற்றது. மார்ச்சில் கரோலைனா அவரை டாலஸுக்கு மாற்றியது. டாலஸ் வருடத்துக்கு 1.2 கோடி வீதம் எட்டு வருடம் கொடுத்தது.

மே 3 அன்று பிளே ஆஃப் முதல் சுற்றின் ஏழாவது ஆட்டத்தில் டாலஸும் கொலராடோவும் மோதின. கொலராடோ 2-0 என முன்னிலை. கடைசிப் பகுதியில் ரன்ட்டனன் மூன்று கோல் அடித்தார்; 4-2 என டாலஸ் வென்றது. கொலராடோ வீட்டுக்குப் போனது. அந்த சீசனின் ஏட்டில் அவருடைய சம்பளத்தில் பாதி, பிளே ஆஃபுக்கே வராத சிகாகோவின் பெயரில் இருந்தது.

(தொடரும்)