வளர்த்தார்கள், வழியனுப்பினார்கள், பிறகு?

ஒரு பிள்ளைக்குப் பதினெட்டு வயது நிறைகிறது. வீட்டிலே பிறந்து வீட்டிலே வளர்ந்த பிள்ளையானால், அன்று தாய் பாயசம் வைப்பாள். தகப்பன் புதுச்சட்டை வாங்கித் தருவான். மறுநாள் காலை அந்தப் பிள்ளை அதே கூரையின்கீழ், அதே பாயிலே கண்விழிப்பான். தாய் தகப்பனை இழந்து குழந்தைகள் இல்லத்திலே வளர்ந்த பிள்ளையானால்? இல்லத்துப் பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே ஒரு கோடு விழும். நேற்றுவரை சர்க்கார் அவனுக்குத் தாய். சர்க்கார் அவனுக்குத் தந்தை. இன்றுமுதல் அவன் 'வயது வந்தவன்'!

வயது வந்துவிட்டது, சரி. வீடு வந்ததா? வேலை வந்ததா? காய்ச்சலென்று படுத்தால் கஞ்சி காய்ச்சித் தரக் கை ஒன்று வந்ததா?

'எல்லாம் அவன் தலைவிதி' என்று பெருமூச்செறிபவர் உண்டு. 'ஏதோ நம்மாலான தருமம்' என்று ஆண்டுக்கொருமுறை இல்லத்துப் பிள்ளைகளுக்கு இலைபோட்டு உணவளித்து, மனநிறைவோடு வீடு திரும்புவோரும் உண்டு. உணவளித்த உள்ளத்தை நாம் பழிக்கவில்லை. ஆனால் கேட்கிறோம்: பதினெட்டு நிரம்பியவன் தெருவிலே நிற்பதற்குக் கிரகம் காரணமா, கோப்பு காரணமா? வரலாற்றைப் புரட்டினால் விடை கிடைக்கிறது. பிள்ளையை வாசலுக்குள் அழைத்துக்கொள்ளச் சட்டம் செய்தவர்கள், வாசலைவிட்டு வெளியேறுபவனைப் பற்றி எண்ணியது கடைசியிலே; எண்ணியபோதும் அரைமனத்தோடு.

வெள்ளையர் ஆட்சியிலே ஆதரவற்ற பிள்ளையைப் பற்றி எழுந்த முதல் எண்ணம் அன்பு அன்று, அச்சம். 1850-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம், ஏழைப் பிள்ளைகளையும் சிறு குற்றம் புரிந்த பிள்ளைகளையும் ஒரு முதலாளியிடம் ஒப்பந்தம் செய்து கட்டிவைக்க வழிசெய்தது. 1876-இல் சீர்திருத்தப் பள்ளிச் சட்டம் பிறந்தது. 1887-இல் செங்கற்பட்டில் சீர்திருத்தப் பள்ளி திறக்கப்பட்டது. சிறைக்கொட்டடியைவிட மேல்தான், ஆயினும் அது கண்ட பிள்ளை 'குற்றவாளி'யே தவிர, கூரையற்றவன் அல்லன்.

1920-ஆம் ஆண்டில் மாறுதல் வந்தது. இந்தியாவிலேயே முதன்முதலாகக் குழந்தைகளுக்கென்று தனிச் சட்டம் செய்தது சென்னை மாகாணம். வங்கம் 1922-இல்தான் பின்தொடர்ந்தது, பம்பாய் 1924-இல். குற்றம் புரியாத பிள்ளையும், கவனிப்பாரற்ற பிள்ளையும் சர்க்காரின் பொறுப்பு என்னும் கருத்து அன்று சட்டப் புத்தகத்தில் ஏறிற்று. முதன்மை நமக்கு, பெருமையும் நமக்கு. ஆனால் அந்தப் பொறுப்பு எந்த நாளில் முடிகிறது, முடிந்தபின் என்ன என்ற கேள்வி நிலுவையிலேயே நின்றது.

அந்தக் கேள்விக்குச் செயலால் விடைகண்டவர்கள் இரு பெண்மணிகள். ஒருவர், சகோதரி சுப்புலட்சுமி. தாமே இளம் வயதில் கணவனை இழந்தவர். 1911-இல் பட்டம் பெற்றவர். சென்னையில் இளம் விதவைகளுக்கு இல்லம் அமைத்தார். திருவல்லிக்கேணிக் கடற்கரையின் ஐஸ் ஹவுஸ் கட்டடம் அவர்களுக்கு விடுதியாயிற்று. அந்த விடுதியின் கதவு பார்ப்பன விதவைகளுக்கே திறந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். ஆதரவற்றோரிலும் சாதி பார்த்த காலம் அது. ஆயினும் அவர் செய்த ஏற்பாட்டிலே ஒரு பாடம் இருக்கிறது. உள்ளே வந்த பெண்ணைச் சோறுபோட்டு உட்காரவைக்கவில்லை. படிக்கவைத்தார், ஆசிரியப் பயிற்சி பெறவைத்தார். வெளியேறும் நாளில் அவள் கையில் தொழில் இருந்தது. தொழில் இருந்ததால் சம்பளம். சம்பளம் இருந்ததால் தலைநிமிர்வு.

மற்றொருவர், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. பொட்டுக்கட்டும் கொடுமையை ஒழிக்கச் சட்டமன்றத்திலே போராடிய அவர் முயற்சியால் 1929-இல் ஒரு சட்டத்திருத்தம் வந்தது. கோவில் ஊழியத்துக்கென்று தேவதாசிகள் அனுபவித்துவந்த மானிய நிலத்தை, ஊழியத்தை விட்ட பிறகும் அவர்களே வைத்துக்கொள்ளலாம் என்றது அது. தோழர்களே, இதன் நுட்பத்தை எண்ணிப் பாருங்கள்! 'இன்றுமுதல் நீ விடுதலை பெற்றாய், போ' என்று மட்டும் சொல்லியிருந்தால், போவது எங்கே? நிலம் கையில் நின்றதால்தான் விடுதலைக்குக் கால் முளைத்தது. நிலமற்ற சிறுமியருக்கு? தங்க இடமின்றித் தம் வாசலுக்கே வந்த பெண்களைக் கண்ட முத்துலட்சுமி அம்மையார், 1930-இல் அவ்வை இல்லத்தைத் தொடங்கினார். பொட்டுக்கட்டுதலை அறவே தடைசெய்யும் சட்டம் 1947-இல்தான் வந்தது. சட்டம் வருமுன்பே கூரை வந்தது. விடுவிப்பவன் இருப்பிடமும் தரவேண்டும் என்பதே அந்த வரலாறு நமக்குச் சொல்லும் நீதி.

விடுதலைக்குப் பிறகு என்ன ஆயிற்று? மத்திய சமூகநல வாரியம் அமைத்த கோரே குழு, இல்லங்களிலிருந்து வெளியேறுவோரின் நிலையை ஆராய்ந்து 1955-இல் அறிக்கை தந்தது. 'பிற்காப்பு' என்னும் சொல் ஆட்சிமொழிக்கு வந்தது. 1986-இல் நாடு முழுமைக்குமான இளைஞர் நீதிச் சட்டம். அது 16 வயதுவரையே ஆண்பிள்ளையைச் சிறுவன் என்றது, பெண்பிள்ளைக்கு 18 என்றது. பதினாறு வயதுப் பையனுக்குப் பசி குறைவு என்று எந்த மருத்துவர் சொன்னாரோ, தெரியவில்லை! 2000-ஆம் ஆண்டின் சட்டம் இருபாலர்க்கும் 18 என்று சமன்செய்தது. 2015-ஆம் ஆண்டின் சட்டம், 18 முதல் 21 வரை பிற்காப்பு என்று வகுத்தது. 2016-இன் விதிகள், தனிப்பட்ட நிலைகளில் மேலும் இரண்டு ஆண்டு நீட்டிக்க இடம்தந்தன. 2022-இல் 'மிஷன் வாத்சல்யா' திட்டம், பிற்காப்பிலுள்ள ஒருவருக்குத் திங்களுக்கு 4,000 ரூபாய் என்று தொகை குறித்தது.

படிப்படியான ஏற்றம்தான், மறுப்பாரில்லை. ஆனால் 2015-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 46-ஆவது பிரிவைப் படியுங்கள். வெளியேறும் பிள்ளைக்கு நிதியுதவி 'அளிக்கலாம்' என்கிறது. 'அளிக்க வேண்டும்' என்று சொல்லவில்லை. தமிழாசிரியர்கள் வகுப்பறையில் வினைமுற்றின் விகுதியைப் பிரித்துக்காட்டுவோம். இங்கே அந்த விகுதி ஒரு மனிதனின் வாழ்வையே பிரித்துக்காட்டுகிறது. 'வேண்டும்' என்றால் உரிமை, மறுத்தால் வழக்காடலாம். 'லாம்' என்றால் தயவு. மறுத்தால் வணக்கம் சொல்லித் திரும்பலாம்!

தொகை கிடைத்ததென்றே வைத்துக்கொள்வோம். தங்குவது எங்கே? நம் நாட்டின் வீட்டுவசதி வரலாறு பெருமைக்குரியது. 1970-இல் கலைஞர் ஆட்சியில் குடிசை மாற்று வாரியம் பிறந்தது. 2021-இல் அது நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர்மாற்றம் பெற்றது. 2010-இல் கலைஞர் வீட்டுவசதித் திட்டம். 2024-இல் கலைஞர் கனவு இல்லம், வீடொன்றுக்கு மூன்றரை இலட்சம் ரூபாய் என்று அறிவிக்கப்பட்டது. குடிசைவாசிக்குக் கோபுரம்போல் ஒரு வீடு எனும் இலட்சியம் போற்றத்தக்கது. ஆனால் நகரத்துத் திட்டம், 'உன் குடிசை எது?' என்று கேட்கிறது. நாட்டுப்புறத்துத் திட்டம், 'உன் மனை எது, குடிசை எது?' என்று கேட்கிறது. இல்லத்திலிருந்து வெளியேறியவனிடம் மாற்றுவதற்குக் குடிசைகூட இல்லையே! குடும்ப அட்டைக்கு முகவரி வேண்டும். முகவரிக்கு வீடு வேண்டும். வீட்டுக்கு முன்பணமும் சாட்சிக்கு ஓர் உறவும் வேண்டும். திட்டங்கள் குடும்பத்தை எண்ணுகின்றன. தனித்து நிற்பவன் கணக்கிலே பூச்சியம்.

சாதியும் இங்கே குறுக்கிடுகிறது. பெற்றோரை அறியாத பிள்ளைக்கு எந்தச் சாதிச் சான்று? பத்து வயதுக்குள் பெற்றோரை இழந்து, காப்பாரின்றி, சர்க்கார் நடத்தும் அல்லது அங்கீகரித்த பள்ளியிலோ இல்லத்திலோ சேர்ந்த பிள்ளைகளைப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்த்தது தமிழ்நாடு. பிறப்பைப் பாராமல் இழப்பைப் பார்த்த நல்ல ஏற்பாடு. ஆனால் பதினோராவது வயதில் பெற்றோரை இழந்தவன்? அவன் துயரம் ஓராண்டு தாமதமாக வந்ததாம், ஆகவே சலுகையில்லை!

கடல்கடந்த நாட்டையும் பார்ப்போம். இங்கிலாந்தில் 1945-இல், வளர்ப்பு வீட்டிலே விடப்பட்ட பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் கொடுமைக்கு ஆளாகி மாண்டான். நாடு கொதித்தது, 1946-இல் கர்ட்டிஸ் குழு அறிக்கை, 1948-இல் குழந்தைகள் சட்டம். நாற்பது ஆண்டு கழித்து, 1988-இல், தாட்சர் அம்மையார் ஆட்சி 16, 17 வயதினர்க்கான பொது வருமான உதவியை நிறுத்திற்று. 'பெற்றோர் பார்த்துக்கொள்ளட்டும்' என்பது எண்ணம். பெற்றோரில்லாதவர்? இல்லங்களிலிருந்து வெளியேறிய இளைஞர் பலர் நடைபாதைக்கு வந்தனர். 1996-இல் வாடகை உதவியிலும் கைவைத்தனர்: 25 வயதுக்குக் குறைந்த தனியாளுக்கு ஓர் அறையின் வாடகையளவே உதவி என்றனர். இல்லத்தில் வளர்ந்தவர்க்கு விலக்கு அளித்தனர். ஆனால் 22 வயதுவரை மட்டும். அந்த விலக்கை 25 வரை உயர்த்த 2021 ஆயிற்று. இடையே 2000-ஆம் ஆண்டில் தனிச் சட்டம் செய்து, வெளியேறுபவர் ஒவ்வொருவர்க்கும் வழிகாட்டி ஒருவரும் எதிர்காலத் திட்டமும் உள்ளாட்சியின் கடமை என்றனர். 2002-இல், வீடிழந்து நிற்கும் 18 முதல் 20 வயதுவரையிலான அத்தகையோர்க்கு வீடு தருவதில் முன்னுரிமை வகுத்தனர். ஒரு சட்டம் கொடுத்ததை மற்றொரு சட்டம் பறித்த கதையும், போராடி மீட்ட கதையும் அங்கே உண்டு. நாம் கற்கவேண்டியது இது: உதவித்தொகை ஒரு பக்கம், வீடு ஒரு பக்கம் என்று பிரித்து ஆண்டால், பிள்ளை இடையிலே விழுவான்.

இதோ நம் சங்கரன்கோவில். விசைத்தறி ஓசை ஓயாத ஊர். வெளியூர் இல்லமொன்றில் வளர்ந்த ஓர் இளைஞன் இங்கு தறிவேலை தேடி வருகிறான் என்று எண்ணிக்கொள்ளுங்கள். கூலி கிடைக்கும். அறை கேட்டால், 'எந்த ஊர், யார் பிள்ளை, என்ன ஆளுங்க?' என்று மூன்று கேள்வி. மூன்றுக்கும் அவனிடம் விடையில்லை. தறிக்கூடத்திலேயே படுக்கிறான். படுக்க இடம்தந்தவன்தான் முதலாளி. ஆகவே கூலி குறைந்தாலும் வாய்திறக்க முடியாது. 1850-இன் ஒப்பந்தம் ஒழிந்தது என்கிறோம். கூரைக்காகக் கட்டுப்பட்டுக் கிடக்கும் இவனுக்கு அது ஒழிந்ததா?

முடியாத காரியம் எதையும் நாம் கேட்கவில்லை. கொள்ளைநோய்க் காலத்தில், 2021-இல், பெற்றோர் இருவரையும் அந்நோய்க்குப் பறிகொடுத்த பிள்ளைகளின் பெயரில் ஐந்து இலட்சம் ரூபாய் வைப்புநிதியிட்டு, 18 வயதில் வட்டியோடு வழங்கத் தமிழ்நாடு ஆணையிட்டது. சர்க்கார்ப் பள்ளியில் படித்த பெண்கள் கல்லூரி செல்ல, 2022-இல் திங்கள்தோறும் ஆயிரம் ரூபாய்த் திட்டம் வந்தது. அது தாங்கியது மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரின் பெயரை. பொட்டுக்கட்டுதலை எதிர்த்துப் போராடிய அந்த வீராங்கனையின் பெயர் அங்கே பொருத்தமாகவே விளங்கிற்று. பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்குத் திங்களுக்கு 2,000 ரூபாய் தரும் 'அன்புக்கரங்கள்' 2025 செப்டம்பர் 15-இல், அண்ணா பிறந்தநாளில் தொடங்கப்பட்டது. மனமும் உண்டு, மார்க்கமும் உண்டு என்பதற்கு இவை சான்று.

ஆகவே கேட்போம். 'அளிக்கலாம்' என்பது 'அளிக்க வேண்டும்' ஆகட்டும். இல்லத்திலிருந்து வெளியேறும் ஒவ்வொருவரும் 'ஓராள் குடும்பம்' என்று எண்ணப்படட்டும். வாழ்விட வாரியத்தின் குடியிருப்புகளிலும் சர்க்கார் விடுதிகளிலும் 23 வயதுவரை அவர்களுக்கு ஒரு பங்கு ஒதுக்கப்படட்டும். குடும்ப அட்டையும் சான்றுகளும் வாசல் தாண்டுமுன்பே கையில் சேரட்டும். பத்து வயது வரம்பு பதினெட்டாகட்டும்.

ஊரிலே படிப்பகம் நடத்தும் இளைஞர்களுக்கும் பணி உண்டு. 2019-இல் தென்காசி தனி மாவட்டமாயிற்று. அதுவரை நம் பகுதி மக்கள் மாவட்ட அலுவலகத்துக்குத் திருநெல்வேலிக்கு நடந்தார்கள். அலுவலகம் பக்கத்தில் வந்திருக்கிறது. அங்கே செல்லும் வழியறியாத பிள்ளையோடு ஒரு நாள் நடந்து செல்லுங்கள். விண்ணப்பம் எழுதித் தாருங்கள். அறை கேட்டு வருபவனிடம் 'என்ன ஆளுங்க?' என்று கேட்கும் நாவை அடக்கப் பழக்குங்கள். 'அநாதை' என்னும் சொல்லுக்கு 'நாதன் அற்றவன்' என்று பொருள். அவனுக்கு நாதன் தேவையில்லை தோழர்களே. தன் சாவியால் தானே திறந்து நுழைய ஒரு கதவு தேவை.