பெருஞ்சமரின் தலைசிறந்த துடுப்பாட்ட வீரர் யார்?

யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் 1904 முதல் ஆடிவரும் வடக்கின் பெருஞ்சமரில் தலைசிறந்த துடுப்பாட்ட வீரர் யார்? யாழ்ப்பாணத்தார் கூடுமிடமெங்கும் எழும் இவ்வினாவுக்குச் சராசரி மட்டும் விடையாகாது. இதனை அமெரிக்கரின் பேஸ்போல் வரலாறு நன்கு உணர்த்துகிறது.

அங்கு அடிப்பவனின் பெறுமதியை எண்ணால் அளக்கும் வழக்கத்தை வளர்த்தவர் ஒரு பத்திரிகையாளர். இங்கிலாந்தில் பிறந்து நியூயோர்க்கில் கிரிக்கெட் செய்திகளும் எழுதிய ஹென்றி சாட்விக், 1859 இல் ஓர் ஆட்டத்தின் விபரம் முழுவதையும் சிறு அட்டவணைக்குள் அடக்கினார். கிரிக்கெட்டைப் பின்பற்றிச் சராசரியையும் புகுத்தினார். ஆனால் எறிபவரின் பிழையான பந்துகளை அடிக்காமல் பொறுத்திருந்து முதல் தளத்தை அடைவதை அவர் அடிப்பவனின் திறமையாகக் கொள்ளவில்லை. அப்பார்வை நெடுங்காலம் நிலைத்தது.

1977 இல், கன்சாஸ் மாநிலத்தில் தொழிற்சாலைக் காவலாளியாக இருந்த பில் ஜேம்ஸ் தமது முதல் ஆண்டேட்டைத் தாமே வெளியிட்டார். அதன்பின் பெருகிய புதிய கணிப்புகள், ஒருவன் எத்தனை தடவை தளத்தை அடைந்தான், எவ்வளவு வலுவாக அடித்தான் என்பவற்றைச் சேர்த்துப் பார்க்கின்றன. மைதானத்தின் இயல்பையும் காலத்தையும் கருத்திற்கொண்டு, அக்காலத்துச் சராசரி வீரனை 100 என வைத்து ஒப்பிடுகின்றன. 100 ஐத் தாண்டியவன் தன் காலத்தவரை விஞ்சியவன்.

இவ்வளவுகோல் நமக்கும் பொருந்தும். பெருஞ்சமர் நீண்டகாலம் பாய் விரித்த ஆடுகளத்தில் நடந்தது. அங்கு பெற்ற 40 ஓட்டங்களையும் கொழும்பின் புற்றரை ஆடுகளத்தில் பெற்ற 40 ஓட்டங்களையும் ஒரே தராசில் நிறுக்க முடியாது. மற்றையோர் தலைக்கு 10 ஓட்டங்களோடு வீழ்ந்த ஆட்டமெனில், அந்த 40 ஒரு சதத்துக்கு ஈடாகலாம்.

அதைச் சொல்வதற்கு மற்றையோரின் ஓட்டங்களும் தெரிய வேண்டும். சதமடித்தவன் ஊரின் நினைவில் நிற்பான். 7 ஓட்டங்களோடு வெளியேறியவனின் கணக்கு காகிதத்தில் மட்டுமே நிற்கும். அக்காகிதங்களுக்குத்தான் நம் மண்ணில் பாதுகாப்பு இருக்கவில்லை. 1981 மே 31 இரவு தொடங்கிய வன்செயலில் யாழ் பொது நூலகம் சுமார் 97,000 நூல்களோடு எரிக்கப்பட்டது. ஈழநாடு பத்திரிகை அலுவலகமும் அந்நாட்களிலேயே தீக்கிரையானது. 1995 இன் பெரும் இடப்பெயர்வில் மக்கள் கையில் அகப்பட்டதை மட்டுமே எடுத்துச் சென்றனர்.

2005 இல் தொடங்கிய நூலகம் செயற்றிட்டம் பழைய இதழ்களையும் மலர்களையும் எண்ணிம வடிவில் சேர்த்து வருகிறது. ரொறன்ரோவிலோ இலண்டனிலோ உங்கள் பெட்டிக்குள் ஒரு கல்லூரி மலரோ ஓட்டப் பதிவேடோ கிடந்தால் அதற்கு உதவுங்கள். சதமடித்தவரின் பெயருள்ள வரியை மட்டும் பிரதி எடுக்காதீர்கள். முழுப் பக்கத்தையும் எடுங்கள்.