பழைய ஆயில் எங்கே போச்சு?

இன்னைக்கு எடுத்திருக்கிற கேள்வி ரொம்பச் சாதாரணமானது. காருக்கு எஞ்சின் ஆயிலை நாமே மாத்திக்கலாமா, இல்ல கடையில காசு கொடுத்து மாத்தலாமா?

நம்ம ஊர்ல பெரும்பாலும் இந்தக் கேள்வியே வராது. வண்டியை சர்வீஸுக்கு விடுவோம், பில்லுல எஞ்சின் ஆயில்னு ஒரு வரி இருக்கும், கொடுத்துட்டு வந்துடுவோம். ஆனா அமெரிக்காவில் நூறு வருஷமா இது ஓயாத வாக்குவாதம். எவ்வளவு டாலர் மிச்சம், அதுக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கெடுத்துக்கணுமா, கடைக்காரரை நம்பலாமா என்று வீட்டுக்கு வீடு பேசித் தீராத விஷயம். அந்த வரலாற்றைத் தேடிப் படிக்கும்போது எனக்கு ஒண்ணு தெளிவாச்சு. எல்லாரும் புது ஆயிலோட விலையைப் பத்தியே பேசியிருக்காங்க. ஆனா கடைசியில கணக்கை மாத்தினது, எஞ்சினுக்குக் கீழே வழிஞ்ச அந்தக் கறுப்பு ஆயில்.

முதல்ல ஃபோர்டு மாடல் டி-யில் இருந்து ஆரம்பிக்கலாம். 1908-ல் வந்தது, 1927 வரை ஒன்றரைக் கோடி வண்டிகள். வாங்கினவங்கள்ல நிறைய பேர் விவசாயிகள். பக்கத்துல மெக்கானிக் கிடையாது, பல இடத்துல ஒழுங்கான ரோடே கிடையாது. வண்டிக்காரரே மெக்கானிக்காக இருந்தாகணும் என்று நினைச்சுத்தான் அந்த வண்டியை வடிவமைச்சாங்க.

அதுல ஆயில் பம்ப் இல்லை. ஃபில்டர் இல்லை. ஆயில் எவ்வளவு இருக்குன்னு பார்க்கிற டிப்ஸ்டிக்கூட இல்லை. எஞ்சினுக்குப் பின்னாடி, கீழே, மேலும் கீழுமாக ரெண்டு சின்னக் குழாய். வண்டிக்கு அடியில படுத்து, மேல் குழாயைத் திறந்தா ஆயில் வரணும். வந்தா போதுமான அளவு இருக்கு. கீழ்க் குழாயிலும் வரலைன்னா ஆபத்து. அவ்வளவுதான் மீட்டர்! புது வண்டி 400 மைல் ஓடினதும் ஆயிலை மாத்தணும், அப்புறம் 750 மைலுக்கு ஒரு தடவைன்னு ஃபோர்டு கையேடு சொன்னது. நம்ம கணக்குல 1,200 கிலோமீட்டருக்கு ஒரு தடவை. பழைய ஆயிலை வடிச்சிட்டு, உள்ளே மண்ணெண்ணெய் ஊத்தி, எஞ்சினைக் கையால சுத்திக் கழுவி, அதையும் வடிக்கணும்.

ஏன் இவ்வளவு சீக்கிரம்? ஆயில் தேய்ஞ்சு தீர்ந்துபோறதில்லை, அழுக்காகுது. எரியாத பெட்ரோல் பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கசிஞ்சு அதுல கலக்கும். கரி சேரும், தண்ணீர் சேரும், அமிலம் சேரும், உலோகத் துகள் சேரும். வடிகட்ட ஃபில்டர் கிடையாது. 1920-களில்தான் ப்யூரலேட்டர் மாதிரி ஃபில்டர்கள் வந்தன, அதுவும் எல்லா வண்டியிலும் வர இன்னும் பல வருஷம் ஆனது.

சரி, வடிச்ச ஆயிலை அந்த விவசாயி என்ன பண்ணினார்? வேலிக் கம்பத்துக்குப் பூசினார், கலப்பையில துரு பிடிக்காம இருக்கத் தடவினார், புழுதி பறக்காம இருக்க வாசல் மண்ணுல ஊத்தினார். அது கழிவுன்னு அவருக்குத் தோணவே இல்லை. பண்ணையில எல்லாத்துக்கும் ஒரு உபயோகம் இருக்குமில்லையா, அந்த மாதிரி. இந்தப் பழக்கத்தை நினைவுல வெச்சுக்குங்க, பின்னாடி இதுக்குத் திரும்பி வருவோம்.

நகரங்களில் கதை வேற மாதிரி போனது. 1920-களிலிருந்து பெட்ரோல் பங்க் என்பது சர்வீஸ் ஸ்டேஷன் ஆனது. சீருடை போட்ட பையன் ஓடி வருவான், கண்ணாடியைத் துடைப்பான், ஆயில் பார்ப்பான், டயருக்குக் காற்று பார்ப்பான். ஆயில் மாத்தறதும் அங்கேயே. அந்த முப்பது, நாற்பது வருஷம் "நானா, கடையா" என்பது பெரிய கேள்வியா இல்லை. பெட்ரோல் போடப் போன இடத்திலேயே வேலை முடிஞ்சுது. பழைய ஆயில் பின்கட்டுல ஒரு டாங்கில் சேரும். கழிவு எண்ணெய் வியாபாரி லாரியில் வந்து எடுத்துக்கிட்டுப் போவார். எங்கே கொண்டுபோனார்னு யாரும் கேட்கலை.

அக்டோபர் 1973. அரபு நாடுகள் எண்ணெய்த் தடை போட்டன. விலை எகிறியது, பங்க்குகளில் வரிசை நின்றது. பெட்ரோலில் லாபம் சுருங்கின முதலாளி முதல்ல கைவைச்சது அந்தச் சீருடைப் பையன் மேலதான். "நீங்களே போட்டுக்குங்க, விலை குறைவு" என்று செல்ஃப் சர்வீஸ் பங்க்குகள் பரவின. பல்லாயிரம் சர்வீஸ் ஸ்டேஷன்கள் மூடப்பட்டன. தப்பிச்ச பலதில் ரிப்பேர் கூடம் இருந்த இடத்துல சிப்ஸும் கூல்டிரிங்ஸும் விற்கும் கடை வந்தது. எங்கே ஆயில் மாத்தறதுன்னு யோசிக்கவே தேவையில்லாம இருந்த ஒரு தலைமுறைக்கு, திடீர்னு அந்த இடமே காணோம்.

அந்தக் காலி இடத்துல ரெண்டு குழந்தைகள் பிறந்தன. ஒண்ணு, வீட்டு வாசலில் தானே ஆயில் மாத்துகிற மனிதர். இன்னொண்ணு, பத்து நிமிஷத்துல மாத்திக் கொடுக்கும் கடை. நாம எதிரெதிர்னு நினைக்கிற இந்த ரெண்டும் உண்மையில் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

வீட்டு வாசல் பக்கம் முதலில் பார்ப்போம். டிஸ்கவுண்ட் ஸ்டோர்களில் ஆயில் டப்பா மலிவா கிடைத்தது. அதுக்கு முன்னாடியே, 1969-ல், ஜான் மியூர் என்கிற இன்ஜினியர் ஃபோக்ஸ்வாகன் காரைத் தானே பராமரிப்பது எப்படின்னு, ஒண்ணுமே தெரியாதவனுக்கும் புரியிற மாதிரி ஒரு புத்தகம் போட்டு அது பிரமாதமா விற்றிருந்தது. 1976-ல் டியானா ஸ்க்ளார் எழுதிய 'ஆட்டோ ரிப்பேர் ஃபார் டம்மீஸ்' வந்தது. கார் பத்தின புத்தகத்தை ஒரு பெண் எழுதினது அந்தக் காலத்துல சின்ன விஷயமில்லை. மெக்கானிக் கடையில் பெண்களைத் தலையில் மிளகாய் அரைப்பது அங்கேயும் நடந்ததுதான். தெரிஞ்சு வெச்சுக்கிட்டா ஏமாற வேண்டாம் என்பது பணத்தைவிடப் பெரிய காரணமா இருந்தது. 1975-ல் வந்த மாக்னுசன்-மாஸ் வாரன்டிச் சட்டமும் கை கொடுத்தது. எங்க கடையில காசு கொடுத்து ஆயில் மாத்தினாதான் வாரன்டி என்று கார் கம்பெனி நிபந்தனை போட முடியாமல் ஆனது.

கடைப் பக்கம், 1971-ல் யூட்டா மாநிலத்தின் ஆக்டன் நகரில் தொடங்கின ஜிஃபி லூப், 1979-ல் பால்டிமோரைத் தலைமையிடமாக் கொண்ட கம்பெனியா மாறி வேகமெடுத்தது. அவங்க சூத்திரம் எளிமையானது. காரை லிஃப்ட்ல தூக்கவே வேண்டாம். தரையில நீளமா ஒரு பள்ளம், அதுமேல காரை ஓட்டி நிறுத்தணும். கீழே ஒருத்தர் போல்ட்டைக் கழட்டுவார், மேலே ஒருத்தர் ஆயில் ஊத்துவார். நீங்க காபி குடிச்சு முடிக்கறதுக்குள்ள வேலை ஆச்சு.

விலையை மட்டும் பார்த்தா வீட்டு வாசல்தான் ஜெயிக்கணும். அஞ்சு குவார்ட் ஆயில், அதாவது ஐந்து லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு, ஒரு ஃபில்டர், ஒரு ஸ்பேனர், ஒரு பழைய தட்டு. கூலி மிச்சம். ஆனா இந்தக் கணக்குல ஒரு செலவை யாருமே எழுதலை.

1963 ஜனவரி இதழில் 'பாப்புலர் சயின்ஸ்' பத்திரிகை வாசகர்களுக்கு ஒரு யோசனை சொன்னது. தோட்டத்துல ஒரு குழி தோண்டுங்க, பொடி ஜல்லியைப் போட்டு நிரப்புங்க, வடிச்ச ஆயிலை அதுல ஊத்துங்க, அடுத்த தடவை மாத்தறதுக்குள்ள மண்ணு உறிஞ்சிடும் என்று. இது ஏதோ பொறுப்பில்லாத ஆளு சொன்னதில்லை. அந்தக் காலத்தின் மதிப்புள்ள அறிவியல் பத்திரிகை, சுத்தமா வேலை செய்யணும்னு நினைக்கிறவங்களுக்குச் சொன்ன வழி. பண்ணை வாசலில் ஆயில் ஊத்தினாரே அந்த விவசாயி, அவரோட பேரன் புறநகர் வீட்டுல அதையேதான் பண்ணினான். ஆனா இப்போ ஒரு தெருவுக்கு முப்பது வீடு, வீட்டுக்கு ரெண்டு கார். சோம்பேறிகள் குழிகூடத் தோண்டலை. தெருவோர மழைநீர் வடிகாலில் ஊத்தினாங்க, அது நேரா ஆத்துக்குப் போச்சு. ஒரு தடவை மாத்தற ஆயில் பத்து லட்சம் காலன், அதாவது சுமார் 38 லட்சம் லிட்டர் நல்ல தண்ணீரைக் கெடுக்க முடியும்னு அமெரிக்க சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை பின்னாடி வருஷக்கணக்கா சொல்லிக்கிட்டே இருந்தது.

அப்போ கடை சுத்தமா இருந்ததா? இல்லை. இங்கேதான் மிசௌரி மாநிலத்தின் டைம்ஸ் பீச் வருது.

1925-ல் ஒரு செய்தித்தாள் சந்தாவோட மனை விற்று உருவாக்கின ஊர் அது. செயின்ட் லூயிஸ் பக்கத்துல, மெரமெக் ஆத்தங்கரையில், ரூட் 66 நெடுஞ்சாலை ஓரமா. தார் போடக் காசு இல்லை, ஒரே புழுதி. அதனால 1970-களின் தொடக்கத்தில் ஒரு கழிவு எண்ணெய் வியாபாரியைக் கூப்பிட்டு ரோட்டுல ஆயில் தெளிக்கச் சொன்னாங்க. பங்க் பின்கட்டுல லாரியில வந்து எடுத்துக்கிட்டுப் போவாரேன்னு சொன்னேனே, அந்த மாதிரித் தொழில் பண்றவர்தான். ஆனா அவர் ஒரு ரசாயன ஆலையின் கழிவையும் எடுத்துக்கிட்டிருந்தார். அதுல டையாக்ஸின் இருந்தது. ரெண்டும் கலந்தது. ஏற்கெனவே 1971-ல் அவர் ஆயில் தெளிச்ச ஒரு குதிரைக் கொட்டகையில் பறவைகளும், டஜன் கணக்கில் குதிரைகளும் செத்திருந்தன. ஊருக்கு உண்மை முழுசா தெரிஞ்சது 1982 டிசம்பரில், அதே நேரம் ஆத்துல வெள்ளமும் வந்தது. 1983 பிப்ரவரியில் அரசாங்கம் ஊரையே விலைக்கு வாங்கப்போறதா அறிவித்தது. சுமார் ரெண்டாயிரம் பேர் வெளியேறினாங்க. இன்னைக்கு அந்த இடம் ஒரு பூங்கா.

நியாயமா ஒண்ணு சொல்லணும். அந்த ஊரைக் காலி பண்ண வெச்சது கார் ஆயில் இல்லை, ஆலைக் கழிவு. ஆனா அது சத்தமில்லாம ஊருக்குள்ள வர முடிஞ்சதுக்குக் காரணம், பழைய ஆயிலை மண்ணுல ஊத்தறதுல தப்பில்லைன்னு எல்லாரும் நம்பினதுதான்.

அதுக்கப்புறம் நடந்த சட்டச் சண்டைதான் எனக்கு இந்தக் கதையில ரொம்பப் பிடிச்ச பகுதி. பழைய ஆயிலை அபாயகரக் கழிவுப் பட்டியலில் சேர்க்கலாமான்னு 1985-ல் முகமை யோசிச்சது. 1986-ல் வேண்டாம்னு முடிவு பண்ணினது. காரணம் என்ன தெரியுமா? "அபாயம்"னு முத்திரை குத்திட்டா, எந்தக் கடையும் அதைத் தொடாது. கடை வாங்கலைன்னா ஜனங்க மறுபடியும் வடிகாலுக்குத்தான் போவாங்க. 1988-ல் நீதிமன்றம், முத்திரைக்குப் பயந்து முடிவெடுக்கச் சட்டத்தில் இடமில்லைன்னு அதைத் தள்ளிவிட்டது. சட்டப்படி நீதிமன்றம் சரியா இருக்கலாம். ஆனா மனுஷங்க எப்படி நடந்துக்குவாங்கன்னு முகமைக்குத்தான் நல்லாத் தெரிஞ்சிருந்ததுன்னு நான் நினைக்கிறேன். கடைசியில் 1992-ல் நடுவழி கிடைச்சது. பட்டியலில் சேர்க்கலை. ஆனா எப்படிச் சேமிக்கணும், எப்படிக் கொண்டுபோகணும்னு தனி விதிகள் வந்தன. புழுதிக்காக ரோட்டுல ஆயில் தெளிக்கறது பொதுவாத் தடை செய்யப்பட்டது.

இதே காலத்துல இன்னொரு சின்ன மாற்றம். வீட்டுல ஆயில் மாத்தறவங்க கொண்டுவர்ற பழைய ஆயிலை ஏத்துக்கிற சர்வீஸ் ஸ்டேஷனுக்கு, விதிப்படி கையாண்டா, பின்னாடி மாசு சுத்திகரிப்புச் செலவு தலையில விழாதபடி 1986-ல் சட்டம் ஒரு சலுகை கொடுத்தது. கலிஃபோர்னியா இன்னும் ஒரு படி மேலே போனது. 1991 சட்டத்தின் கீழ், புது ஆயில் விற்கும்போதே குவார்ட்டுக்கு 4 சென்ட் வசூலிச்சாங்க. அந்தப் பணத்துல பழைய ஆயிலை வாங்கிக்கிற மையங்களுக்கு ஊக்கத்தொகை. பொதுமக்கள்கிட்ட அந்த மையங்கள் காசு வாங்கக் கூடாது.

அதாவது யாரும் எழுதாம விட்ட செலவு முதல்தடவையா ஒரு ரசீதுல ஏறுச்சு. வீட்டுல மாத்தறவருக்குப் புது வேலையும் வந்தது: கறுப்பு ஆயிலை மூடி போட்ட கேன்ல பிடிச்சு, சிந்தாம டிக்கியில வெச்சு, கடைக்கு ஓட்டிக்கிட்டுப் போகணும். பலருக்கு இது ஒரு கேள்வியை எழுப்பியது. எப்படியும் கடைக்குப் போறேன், காரையே அங்கே விட்டா என்ன? பத்து நிமிஷக் கடைகளுக்கு வேற யாரும் இவ்வளவு நல்ல விளம்பரம் செஞ்சிருக்க முடியாது. சிந்தெடிக் ஆயில் வந்து, 3,000 மைலுக்கு ஒரு தடவைங்கிறது 7,500, 10,000 மைல்னு நீண்டதும், வருஷத்துக்கு ஒரு தடவைக்காக ஜாக்கியும் ஸ்டாண்டும் வாங்கி வெச்சுக்கிற ஆசையும் பலருக்குக் குறைஞ்சுது.

ஆனாலும் வாசல்காரர்கள் முழுசா மறையலை. இன்னைக்கும் சனிக்கிழமை காலையில அமெரிக்க ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளில் கேனோட வர்றவங்களைப் பார்க்கலாம், கடைப் பின்பக்கம் அதுக்குன்னே டாங்க் இருக்கு. 1992 விதிகளில் இன்னொரு ஷரத்தும் உண்டு. கடைக்காரர் தன் கடையில வடிச்ச ஆயிலையும், வீட்டுல மாத்தறவங்க கொண்டுவந்து கொடுக்கிற ஆயிலையும், குறிப்பிட்ட அளவுக்குள்ள ஒரு ஹீட்டரில் எரிச்சுக் கடையைச் சூடாக்கிக்கலாம். அதனால குளிர் மாநிலங்களில் பனி கொட்டும் நாளில், கூலி மிச்சம் பிடிக்க வீட்டுல ஆயில் மாத்தின ஒருத்தரோட பழைய ஆயில், காசு கொடுத்து மாத்திக்க வந்தவர் உட்கார்ந்திருக்கிற கடையைச் சூடாக்கிக்கிட்டு இருக்கலாம்.

அடுத்த எபிசோடில் பார்க்கலாம்.