குத்தகையும் கம்பளியும்: குடுமியான்மலைக் கல்குவாரிகள் தரும் வாழ்வாதாரப் பாடம்

டிசம்பர் பிறந்ததும் வீடற்றோருக்குக் கம்பளி வழங்கும் படங்கள் நாளிதழ்களில் வரத் தொடங்கும். வட இந்திய நகரங்களுக்குப் பொருந்தும் இந்த வழக்கம் தமிழ்நாட்டிலும் பரவியிருக்கிறது. ஆனால் இங்கே நடைபாதையில் படுப்பவரை முதலில் வாட்டுவது பனியல்ல, வடகிழக்குப் பருவமழை. ஐப்பசி, கார்த்திகையில் படுக்கும் இடம் நனைகிறது. கட்டட வேலை நின்று நின்று நடக்கிறது. மார்கழியில் மழை ஓய்ந்தாலும் கல்யாணங்கள் இல்லை. பந்தி பரிமாறியும் பாத்திரம் கழுவியும் கூலி வாங்கியவர்கள் தை பிறக்கும்வரை காத்திருக்க வேண்டும். இடமும் வருமானமும் ஒரே பருவத்தில் பறிபோகின்றன. கம்பளி இவ்விரண்டில் ஒன்றையும் திருப்பித் தருவதில்லை. மானத்தோடு பிழைக்க எது தேவை என்ற கேள்விக்கு, நகரத்துக் காப்பகங்களைவிடத் தெளிவான விடை புதுக்கோட்டை மாவட்டத்தின் கல்குவாரிகளில் கிடைக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

அம்மாவட்டத்துக் குடுமியான்மலையை ஆய்வுலகம் அறிந்திருப்பது குன்றில் பொறித்த இசைக் கல்வெட்டாலும் சிகாநாதசுவாமி கோயிலின் சிற்பங்களாலும்தான். அதே வட்டாரத்துப் பாறையைச் சம்மட்டியால் உடைத்துப் பிழைத்தவர்களைப் பற்றிய பதிவுகள் குறைவு. நிலமில்லாத குடும்பங்கள், பலர் பட்டியல் சாதியினர். குவாரி அரசுடையது, குத்தகை ஒப்பந்ததாரர் கையில். அவரிடம் முன்பணம் வாங்கிய குடும்பம் கடன் தீரும்வரை அவருக்கே கல் உடைக்க வேண்டும். எவ்வளவு உடைத்தார்கள், எவ்வளவு கழிந்தது என்ற கணக்கும் அவரிடமே இருந்தது. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976இலேயே வந்துவிட்டது. ஆனால் விடுவிக்கப்பட்டவர் மறுநாள் எங்கே வேலைக்குப் போவார் என்பதற்கு நடைமுறையில் விடையில்லை. பழைய குவாரிக்கே திரும்புவதைத் தவிர வழியில்லாதபோது விடுதலை காகிதத்தோடு நின்றது.

அந்த முடிச்சை மாவட்ட நிர்வாகம் வேறு முனையிலிருந்து அவிழ்த்தது. 1991இல் ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், குவாரிகளைப் பெண்கள் குழுக்களுக்கே குத்தகைக்கு விட முனைந்தார். 1982இல் தொடங்கிய ஊரகப் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டுத் திட்டத்தின் குழு அமைப்பு இதற்குக் கைகொடுத்தது. நாலாயிரத்துக்கும் மேற்பட்ட ஏழைப் பெண்களிடம் ஏறத்தாழ 170 குவாரிகள் வந்து சேர்ந்ததாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் 1996இல் வெளியான தம் நூலில் பதிவு செய்திருக்கிறார். செய்த வேலை மாறவில்லை. அதே பாறை, அதே சம்மட்டி. மாறியது விலை பேசும் உரிமை. லாரிக்காரரிடம் பேரம் பேசியதும், அரசுக்குச் சேர வேண்டிய தொகையைக் கட்டியதும், மிச்சத்தைப் பங்கிட்டதும் பெண்களே.

குத்தகைச் சீட்டு மட்டும் இதைச் சாதித்திருக்காது. அதே ஆண்டுகளில்தான் அறிவொளி எழுத்தறிவு இயக்கம் மாவட்டம் முழுக்கப் பரவியது. நேற்றுவரை ஒப்பந்ததாரரின் நோட்டில் ரேகை வைத்தவர்கள் கையெழுத்தும் கணக்கும் கற்றார்கள். கூடவே சைக்கிளும் வந்தது. அறிவொளியின் தூண்டுதலால் ஏறத்தாழ ஒரு லட்சம் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றதாகச் சாய்நாத் மதிப்பிடுகிறார். அவர் சந்தித்தவர்களில் குடுமியான்மலைக் குவாரித் தொழிலாளியும் அறிவொளித் தொண்டருமான ஓர் இளம்பெண்ணும் உண்டு. கேலி பேசிய ஆண்களைத் தாண்டி இந்தப் பெண்கள் பெடலை மிதித்தது விடுதலை உணர்வுக்காக மட்டுமல்ல. தண்ணீர் எடுக்கவும், பிள்ளையைப் பள்ளியில் விடவும், குவாரிக்குப் போகவும் பேருந்துக்காகக் காத்திருக்க வேண்டாம் என்பதால் மிச்சமான நேரம் கூலி நேரமாயிற்று. இடத்தின் மீது உரிமை, கணக்கின் மீது பிடிப்பு, நடமாடும் வசதி: இந்த மூன்றும் ஒன்றாகச் சேர்ந்ததே புதுக்கோட்டையின் தனித்தன்மை.

ஆனாலும் அது நிலைக்கவில்லை. வருமானம் இழந்த ஒப்பந்ததாரர்கள் மிரட்டலாலும் செல்வாக்காலும் எதிர்த்தார்கள். ஆட்சியர் மாறினார், நிர்வாகத்தின் அக்கறை தளர்ந்தது, பெண்களின் பிடியும் தளர்ந்தது. உரிமை ஓர் அதிகாரியின் நல்லெண்ணத்தில் தங்கியிருந்ததே இதன் பலவீனம்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். குவாரிப் பெண்களுக்குக் குடிசையும் ஊரும் இருந்தன. நடைபாதைவாசிக்கு அவை இல்லை. இரண்டையும் எப்படி ஒப்பிடுவது? வேறுபாடு உண்மைதான். ஆனால் இருவருக்கும் இடையிலுள்ள தொலைவு ஓர் இரவுப் புயலளவே. 2018 நவம்பர் 16இல் கரையைக் கடந்த கஜா புயல் புதுக்கோட்டை மாவட்டத்தில் கூரை வீடுகளையும் தென்னந்தோப்புகளையும் சேர்த்தே சாய்த்தது. தங்கும் இடமும் தோப்பு வேலையும் ஒன்றாகப் போன குடும்பங்களுக்கு நிவாரணப் பொருள் சில வாரங்களுக்குத்தான் வரும்.

இடத்துக்கும் பிழைப்புக்கும் உள்ள இந்தப் பிணைப்பை நீதிமன்றமும் உணர்ந்திருக்கிறது. பம்பாய் நடைபாதைவாசிகள் தொடர்பான ஓல்கா டெல்லிஸ் வழக்கில், பிழைப்புக்கான உரிமை உயிர்வாழும் உரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 1985இல் கூறியது. மக்கள் நடைபாதையைத் தேர்வதற்குக் காரணம் பக்கத்தில் வேலை இருப்பதே என்றும் ஒப்புக்கொண்டது. மழைக்காலம் முடிந்து ஒரு மாதம்வரை, அதாவது அக்டோபர் 31வரை, யாரையும் அகற்றக் கூடாது என்றும் ஆணையிட்டது. பருவத்தைச் சட்டம் கணக்கில் எடுத்துக்கொண்ட அரிய இடம் இது.

அதன்பின் வந்த கொள்கை படுக்கையை மட்டுமே பற்றிக்கொண்டது. 2009 டிசம்பரில் தில்லி பூசா சாலையில் தற்காலிகக் காப்பகம் ஒன்று இடிக்கப்பட்டபின், குளிரில் வீடற்றோர் படும் பாடு உச்ச நீதிமன்றம்வரை சென்றது. 2013இல் வந்த நகர்ப்புற வாழ்வாதார இயக்கம், ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு நூறு பேர் தங்கும் நிரந்தரக் காப்பகம் வேண்டும் என்று வகுத்தது. 2011 கணக்கெடுப்பில் நாட்டில் வீடற்றோர் 17.7 லட்சம். அவர்களுக்குப் படுக்கை அவசியம்தான். ஆனால் காலையில் காப்பகத்தை விட்டு இறங்குபவர் பழைய மேஸ்திரியிடமே கூலிக்கு நின்றால், விடுவிக்கப்பட்ட கொத்தடிமை பழைய குவாரிக்குத் திரும்பிய கதைதான் மறுபடியும் நடக்கிறது.

குவாரிக் குத்தகைக்கு ஈடான கருவி நகரத்திலும் இருக்கிறது: 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம் தரும் விற்பனைச் சான்றிதழ். கார்த்திகை அகல், சபரிமலை சீசனுக்கான மாலை, மார்கழிக் கோலப்பொடி, பொங்கல் பானை என்று கூலி வேலை சுருங்கும் அதே மாதங்களில்தான் தெருவியாபாரம் பெருகுகிறது. காப்பக முகவரியையே இருப்பிடச் சான்றாக ஏற்றுக் குழுக்களுக்குப் பருவகாலச் சான்றிதழ் தரலாம். சரக்கு வாங்கச் சிறு சுழல்நிதியும், கணக்கெழுதப் பயிற்சியும், தள்ளுவண்டியும் சேர்த்துத் தரலாம். முதுமையாலும் நோயாலும் உழைக்க முடியாதவர்களுக்கு இது பொருந்தாது. அவர்களுக்கு ஓய்வூதியமும் மருத்துவமும்தான் வழி. உழைக்கக் கூடியவர்களுக்கான ஏற்பாடு புரட்டாசி முடிவதற்குள் தயாராக வேண்டும். குழுக்களுக்கான இடஒதுக்கீடும் அதன் காலவரம்பும் மாநகராட்சி ஆணையாளரின் வாய்மொழி அனுமதியாக இராமல், அச்சட்டத்தின்படி அமையும் நகர விற்பனைக் குழுவின் விதியாகவே எழுதப்பட வேண்டும். புதுக்கோட்டையில் விடுபட்டது அந்த ஒரு படிதான்.