கராத்தேயைக் காத்த முதியவர்கள்

கராத்தே என்றதும் நம் ஊரில் யாருக்கும் மனத்தில் எழும் காட்சி ஒன்றுதான். மாலை நேரத்துத் திடல், வெள்ளைச் சீருடையில் எட்டு வயது, பத்து வயதுப் பிள்ளைகள், சுவரோரம் காத்திருக்கும் பெற்றோர். பத்தாம் வகுப்பு வந்ததும் பிள்ளை நின்றுவிடும். கல்லூரிக் காலத்தில் சிலர் போட்டிக்காகத் தொடர்வார்கள். முப்பது வயதுக்கு மேல் பயிற்சி செய்பவரைப் பார்ப்பது அரிது, அறுபது வயதில் புதிதாக வந்து சேர்பவரைப் பார்ப்பது அதனினும் அரிது. இளமை உள்ளவரைதான் இது என்று நாம் முடிவு கட்டி வைத்திருக்கிறோம். இந்தக் கலை பிறந்த ஒகினாவாவின் வரலாறு நேர் எதிரான செய்தியைச் சொல்கிறது. அங்கே கராத்தேக்கு உருவம் கொடுத்தவர்களும், அதைப் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டு சென்றவர்களும், போரின் அழிவுக்குப் பிறகு மீட்டுக் கொடுத்தவர்களும் பெரும்பாலும் நடுவயதைக் கடந்தவர்கள். தங்கள் உடலை வலுவாக வைத்திருக்கச் செய்த பயிற்சி, கலையின் சாதகம், பிழைப்பாகக் கருதாமல் பிறருக்குக் கற்பித்தது ஆகிய மூன்றும் அவர்கள் வாழ்க்கையில் ஒரே கயிற்றின் மூன்று புரிகளாக இருந்தன. அந்தப் புரிகளைப் பிரித்துவிட்டதனால்தான் நம் கையில் இருக்கும் கராத்தே இருபது வயதோடு முடிந்துபோகிறது என்பது என் வாதம்.

முதலில் ஒரு கட்டுக்கதையை ஒதுக்கி வைக்க வேண்டும். ஆயுதம் பறிக்கப்பட்ட குடியானவர்கள் வெறுங்கையால் போரிடக் கண்டுபிடித்ததே கராத்தே என்று பலரும் எழுதுகிறார்கள். பெயர் தெரிந்த பழைய ஆசான்களில் பெரும்பாலோர் குடியானவர்கள் அல்லர். ரியூக்யூ அரசின் தலைநகரான ஷூரியிலும் அதன் துறைமுகமான நாஹாவிலும் வாழ்ந்த அதிகாரி வகுப்பினர். மட்சுமுரா சோக்கோன் அரசரின் மெய்க்காவலராக இருந்தவர். 1831-இல் பிறந்த இட்டோசு அங்கோ அரண்மனையில் எழுத்தராகப் பணியாற்றியவர். 1879-இல் ஜப்பான் ரியூக்யூ அரசை முற்றிலும் ஒழித்து ஒகினாவா மாவட்டமாக்கியபோது இந்த வகுப்பு பதவியையும் வருமானத்தையும் இழந்தது. புரவலர் இல்லை, படை இல்லை, பட்டம் இல்லை. அதன் பிறகும் இந்தக் கலை நிலைத்தது வீட்டு முற்றங்களில்தான். பகலில் வேறு வேலை பார்த்தவர்கள் இரவில் ஓரிரண்டு மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். பிற்காலத்தில் டோக்கியோவில் புகழ்பெற்ற ஃபுனகோஷி கிச்சின் இப்படி விளக்கொளியில் கற்றவர். அவரும் தொழிலால் பள்ளி ஆசிரியர். நம் கிராமங்களில் பகலெல்லாம் வயலில் உழைத்துவிட்டு இரவில் சிலம்பம் சொல்லிக் கொடுத்த வாத்தியார்களை நினைத்துக்கொண்டால் இந்தச் சூழல் நமக்கு எளிதில் விளங்கும்.

இந்த முற்றத்துக் கலையை ஊர்ப் பொதுவுக்குக் கொண்டுவந்தவர் இட்டோசு. 1901-இல் ஷூரியின் தொடக்கப் பள்ளியில் கராத்தே பாடமாக நுழைந்தது. அப்போது அவருக்கு வயது 70. அடுத்த சில ஆண்டுகளில் மாவட்டத்தின் நடுநிலைப் பள்ளிக்கும் ஆசிரியர் பயிற்சிப் பள்ளிக்கும் அது சென்றது. பிள்ளைகளுக்குப் பழைய கட்டாக்கள், அதாவது எதிராளி இல்லாமல் வரிசையாகச் செய்யும் அடவுத் தொடர்கள், கடினமாக இருக்கும் என்று கண்டு, பினான் என்ற ஐந்து எளிய தொடர்களை அவர் அமைத்தார். இன்று சென்னையிலும் மதுரையிலும் பிள்ளைகள் ஹெயான் என்ற பெயரில் முதலில் கற்பவை அவைதான். 1908-இல் கல்வித் துறையினருக்குப் பத்துக் கூறுகள் கொண்ட ஒரு கடிதம் எழுதினார். கராத்தேயின் வரலாற்றில் இதைவிட முக்கியமான ஆவணம் குறைவு. அதன் கடைசிக் கூறு கலையின் வெற்றிகளைப் பற்றியதன்று, ஆயுளைப் பற்றியது. கராத்தே பயின்றோர் பலர் நீண்ட நாள் வாழ்ந்திருக்கிறார்கள், அது எலும்பையும் தசையையும் வளர்க்கிறது, செரிமானத்துக்கும் இரத்த ஓட்டத்துக்கும் உதவுகிறது என்று அதில் காரணம் காட்டுகிறார். எழுபத்தேழு வயதுக்காரர் ஒருவர் பள்ளிப் பிள்ளைகளுக்காக எழுதிய கடிதத்தில் முதுமையையே சான்றாக வைத்தார். இளமையில் தொடங்கி முதுமைவரை போகும் ஒன்றாகவே அவர் இதைக் கருதினார் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

இந்த எண்ணம் பயிற்சிக் கருவிகளிலும் தெரிகிறது. ஒகினாவாவில் கட்டாவோடு சேர்ந்தே துணைப் பயிற்சிகள் நடந்தன. மரக்கைப்பிடியின் ஒரு முனையில் கல்லைப் பொருத்திய சி-இஷி, நம் கர்லாக்கட்டைக்கு ஒன்றுவிட்ட உறவு போன்றது. எடை முழுவதும் ஒரே பக்கம் இருப்பதால் மணிக்கட்டும் தோளும் அதைச் சமன் செய்யப் பாடுபட வேண்டும். நிகிரி-கமே என்பவை வாய் விளிம்பை விரல்களால் கவ்விப் பிடித்துக்கொண்டு நடக்கும் மண் சாடிகள். பிடி வலுத்தால் சாடிக்குள் இன்னும் கொஞ்சம் மணல். உடல் தளர்ந்த நாளில் கொஞ்சம் மணலைக் கொட்டிவிடலாம். கல்லால் செய்த பூட்டு வடிவ எடைகள், இரும்புச் செருப்பு, வைக்கோல் சுற்றிய குத்துப்பலகை என்று பட்டியல் நீளும். இவற்றில் பலவற்றுக்கும் பொதுவான இயல்பு உண்டு. கைப்பிடி, முன்கை, தோள், இடுப்பு, கால் என்று அன்றாட வாழ்வுக்குத் தேவையான இடங்களையே அவை வேலை வாங்குகின்றன. எடையை இம்மியளவாகக் கூட்டவும் குறைக்கவும் முடிகிறது. எதிராளியின் தேவையே இல்லை. இருபது வயதில் செய்த அதே பயிற்சியை எழுபது வயதிலும் வேறோர் அளவில் செய்யலாம். இது பழைமையில் உறைந்துபோன முறையும் அன்று. கோஜு-ரியூ பிரிவைத் தோற்றுவித்த மியாகி சோஜுன் 1934-இல் ஹவாய் சென்றபோது, அங்கே மற்போர் வீரர்கள் பயன்படுத்திய நீள்வட்ட இரும்பு வளையத்தைக் கண்டார். தம் 46-ஆம் வயதில் அந்த அந்நியக் கருவியைத் தம் பயிற்சிமுறையில் சேர்த்துக்கொண்டார். இன்று அது ஒகினாவாவின் மரபுக் கருவி என்றே அறியப்படுகிறது.

கற்பித்தல் என்ற மூன்றாவது புரிக்கு ஃபுனகோஷியின் வாழ்க்கையே போதும். 1922-இல் கல்வி அமைச்சகத்தின் ஏற்பாட்டில் நடந்த உடற்கல்விக் கண்காட்சிக்காக அவர் டோக்கியோ வந்தார். அப்போது அவருக்கு வயது 53. ஜூடோவை நிறுவிய கானோ ஜிகோரோவின் அழைப்பில் அவருடைய கூடத்திலும் செய்து காட்டினார். ஊருக்குத் திரும்பாமல் தலைநகரிலேயே தங்கிவிட்டார். ஒகினாவா மாணவர்களுக்கான விடுதி ஒன்றில் இடம் பெற்று, காவல் காத்து, பெருக்கித் துடைத்து, அங்கேயே கராத்தே சொல்லிக் கொடுத்தார். பல பல்கலைக்கழகங்களில் மாணவர் குழுக்கள் உருவாயின. அவருக்கென்று கட்டப்பட்ட ஷோட்டோகான் கூடம் 1945-இல் குண்டுவீச்சில் எரிந்தது. அதே ஆண்டில் அவர் மகன் கிகோ நோயில் இறந்தார். அதன் பிறகும் எண்பது வயதைக் கடந்து கற்பித்தார். 1957-இல் 88-ஆம் வயதில் மறைந்தார். ஐம்பத்து மூன்றில் ஓய்வெடுக்கப் போயிருந்தால் இன்று உலகின் மிகப் பரவலான கராத்தே பிரிவுகளில் ஒன்று இருந்திருக்காது. இங்கே கவனிக்க வேண்டியது கற்பித்தல் ஆசானுக்குச் செய்யும் உதவி. அடவைச் சொல்லால் விளக்கிவிட முடியாது. முழங்காலை மடித்து நின்று காட்ட வேண்டும், நாள்தோறும் காட்ட வேண்டும். மாணவன் வருகிறான் என்பதே ஆசான் படுக்கையை விட்டு எழக் காரணமாகிறது. கற்பிப்பதால் அவர் பயில்கிறார். பயில்வதால் அவரால் கற்பிக்க முடிகிறது.

இந்தப் பிணைப்பு எவ்வளவு வலுவானது என்பதைப் போர் காட்டியது. 1945 ஏப்ரல் முதல் ஜூன் வரை நடந்த ஒகினாவாப் போரில் அந்தத் தீவின் மக்கள் 1,20,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மியாகி தம் வாரிசாகக் கருதிய ஷின்சாட்டோ ஜின்ஆன் அதில் பலியானார். மியாகியின் சொந்தப் பிள்ளைகளும் பலியாயினர். முதிய ஆசான் கியான் சோட்டோக்கு போரில் தப்பியும், அதையொட்டிய பட்டினியில் நலிந்து அதே ஆண்டில் இறந்தார். கலையின் நடுத்தலைமுறை பெருமளவில் துடைத்தெறியப்பட்டது. எஞ்சிய மூத்தோர் இடிபாடுகளுக்கு நடுவே மீண்டும் தொடங்கினார்கள். நாஹாவில் தம் வீட்டுப் பின்புறத்துத் தோட்டத்தில் மியாகி இளைஞர் சிலருக்குக் கற்பித்தார்; 1953-இல் இறக்கும்வரை அது நடந்தது. கோஜு-ரியூவை அடுத்த தலைமுறைக்குக் கொண்டுசென்றவர்களில் முக்கியமானவர்கள் அந்தத் தோட்டத்தில் நின்றவர்கள். மூத்தவர்கள் முன்பே பயிற்சியைக் கைவிட்டு நினைவுகளோடு மட்டும் இருந்திருந்தால், 1945-க்குப் பிறகு சொல்லிக்கொடுக்க ஆள் இருந்திருக்காது.

இதற்கு எழும் முதல் மறுப்பு நியாயமானது. நீண்ட நாள் வாழ்ந்தவர்கள்தாம் ஆசான்களாகப் பெயர் பெறுகிறார்கள். இளமையில் இறந்த பயிற்சியாளர்களை யார் கணக்கெடுத்தார்கள்? இட்டோசுவின் கூற்று இந்தச் சல்லடையில் நிற்காது. ஒகினாவா மக்களின் நீண்ட ஆயுளுக்கு உணவும் வாழ்க்கை முறையும் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. கராத்தேக்கு அதில் எவ்வளவு பங்கு என்று எவரும் பிரித்துக் காட்டியதில்லை. ஆகவே கராத்தே ஆயுளை நீட்டும் என்று நான் வாதிடவில்லை. என் வாதத்துக்கு வேண்டியது அதைவிடச் சிறிய உண்மை: முதிய உடலும் பயிற்சிக்கு இணங்கும் என்பது. அதற்கு இன்று நல்ல சான்று இருக்கிறது. 1990-இல் அமெரிக்க மருத்துவர் மரியா ஃபியாட்டரோனும் சகாக்களும் முதியோர் இல்லத்தில் இருந்த, சராசரி வயது 90 ஆன, பத்துப் பேருக்கு எட்டு வாரம் கனமான எடைப் பயிற்சி கொடுத்தார்கள். முழுப் பயிற்சியையும் முடித்தவர்களின் தொடை வலிமை சராசரியாக 174 சதவீதம் உயர்ந்தது. சிறிய ஆய்வுதான், ஆனால் தொண்ணூறிலும் தசை பதில் சொல்லும் என்று அது காட்டியது. உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், 65 வயதைக் கடந்தோர் சமநிலையும் வலிமையும் சேர்ந்த பயிற்சியை வாரத்தில் மூன்று நாளாவது செய்ய வேண்டும் என்கிறது. மெதுவாகத் திரும்பி, தாழ்ந்து நின்று, ஒற்றைக் காலில் எடையை மாற்றும் கட்டாவும் கல் எடையும் சேர்ந்த ஒகினாவாவின் பழைய முறை அந்தப் பரிந்துரைக்கு வெகு அருகில் நிற்கிறது.

அப்படியானால் அந்தப் பழைய முறைகள் ஆபத்தற்றவையா என்பது இரண்டாவது கேள்வி. ஆபத்தற்றவை அல்ல. சஞ்சின் என்ற அடவில் உடல் முழுவதையும் இறுக்கி மூச்சை அழுத்தும்போது இரத்த அழுத்தம் ஏறும். குத்துப்பலகையை வரம்பு மீறி அடித்தால் விரல் மூட்டுகள் கெடும். மியாகியே 65 வயதில்தான் இறந்தார். ஆனால் இந்த ஆசான்கள் முறையை மாற்றத் தயங்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இட்டோசு பிள்ளைகளுக்காகப் பினானை அமைத்தார். மியாகி 1940-இல் இளைஞர்கள் எளிதில் கற்க கெகிசாய் என்ற தொடர்களைத் தந்தார். வயதுக்கும் உடலுக்கும் ஏற்ப அளவைத் திருத்துவது மரபுக்கு விரோதமானதன்று. மரபின் உள்ளேயே இருக்கும் பழக்கம். மருத்துவரிடம் இதயத்தையும் இரத்த அழுத்தத்தையும் சோதித்துக்கொண்டு, மூச்சை அடக்காமல், சாடியில் கொஞ்ச மணலோடு தொடங்கும் அறுபது வயதுக்காரர் அந்த மரபுக்கு உண்மையாகவே நடக்கிறார்.

மூன்றாவது மறுப்பு கற்பித்தலைப் பற்றியது. பணத்தை எதிர்பார்க்காத பழைய கற்பித்தல், ஆசான் விரும்பியவருக்கு மட்டும் கிடைத்த சலுகை. அது உயர் வகுப்புக்குள் அடைபட்டுக் கிடந்தது, பெண்களுக்கு அதில் ஏறத்தாழ இடமே இல்லை. இட்டோசுவின் கடிதமும் நல்ல படைவீரர்களை உருவாக்கும் நோக்கத்தைப் பேசியது. இவை அனைத்தும் உண்மை. அந்தப் பகுதிகளை நாம் மீட்க வேண்டியதில்லை. இன்றைய பயிற்சியாளருக்குச் சம்பளம் வேண்டாம் என்று சொல்வதும் அநியாயம். நான் கேட்பது வேறு. 1957-இல் ஃபுனகோஷி மறைந்த அதே ஆண்டில் ஜப்பான் கராத்தே சங்கம் தன் முதல் அகில ஜப்பான் போட்டியை நடத்தியது. ஃபுனகோஷி வெற்றி தோல்விக்கான மோதலை விரும்பாதவர். போட்டி பல நன்மைகளைத் தந்தது, கூடவே கலையின் வயதையும் குறைத்தது. வேகமே புள்ளியாகும்போது முப்பது வயதுக்காரர் வெளியேறுகிறார், அவரோடு அவர் சேர்த்துவைத்த அறிவும் வெளியேறுகிறது. சம்பளம் பெறும் பயிற்சியாளரின் பக்கத்தில், வாரத்தில் இரண்டு மாலை மட்டும் வந்து தொடக்க நிலைப் பிள்ளைகளின் காலடியைத் திருத்தும் மூத்தவர் ஒருவர் நிற்பது யாருடைய பிழைப்பையும் கெடுக்காது. முறையான பயிற்சியும், பிள்ளைகளின் பாதுகாப்புக்கான கண்காணிப்பும் அவருக்கும் பொருந்த வேண்டும், அவ்வளவுதான்.

ஒகினாவா இந்தப் பிணைப்பை இன்னும் விடவில்லை. 1997-இல் அந்த மாவட்டம் கராத்தேயைத் தன் அருவப் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்து, முதிய ஆசான்களையே அதைத் தாங்குபவர்களாக ஏற்றது. அவர்களில் நாகமினே ஷோஷினுக்கு அப்போது வயது தொண்ணூறு. 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆண்கள் கட்டா போட்டியில் தங்கம் வென்ற கியூனா ரியோ ஒகினாவாக்காரர். அவரை உருவாக்கிய சாகுமோட்டோ சுகுவோ எழுபது வயதைக் கடந்தவர். தாமே முன்னாள் உலக வாகையர். போட்டியின் உச்சத்திலும் இளைஞனுக்குப் பின்னால் முதியவர் ஒருவர் நின்றார். நம் ஊர்க் கராத்தே வகுப்புகளும் சிலம்பக் கூடங்களும் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. பிள்ளையைக் கொண்டுவந்து விட்டுவிட்டுச் சுவரோரம் ஒரு மணி நேரம் காத்திருக்கும் தாத்தாவையும் பாட்டியையும் உள்ளே அழைத்து, கையில் ஒரு சிறிய எடையைக் கொடுங்கள். ஒரு காலத்தில் பயின்று நிறுத்திவிட்டவர்களைத் தேடிப் பிடித்து, கற்பிக்கக் கூப்பிடுங்கள். இட்டோசுவின் பெயர் இன்று நிலைத்திருப்பது அவர் இளமையில் பெற்ற எந்த வெற்றியாலும் அன்று; எழுபது வயதுக்குப் பிறகு அவர் செய்த வேலையால்.