பொற்பதக்கமும் பொறித்த பெயரும்

நீலசந்திராவின் நெருக்கமான தெருவொன்றில் உள்ள அடகுக் கடைக்குச் சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அண்டை வீட்டுப் பெரியவருக்குத் துணையாக நாம் சென்றிருந்தோம். பேத்தியின் கல்லூரிக் கட்டணத்திற்காக, தம் முப்பாட்டனார் சென்ற நூற்றாண்டுக்கும் முந்தைய நூற்றாண்டில் பள்ளியிற் பெற்ற பொற்பதக்கத்தை அவர் எடுத்து வந்திருந்தார். கடைக்காரர் அதனை உரைகல்லில் உரைத்தார், தராசில் இட்டார். "பெரியவரே, எழுத்துக்கு விலை கிடையாது, எடைக்குத்தான் பணம்" என்றார். அவர் சொன்னதில் பொய்யில்லை. ஆயினும் அச்சொல் நம் நெஞ்சில் தைத்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பள்ளிப் பதக்கங்களில் வெள்ளியாலானவை இன்றும் கிடைக்கின்றன, பொன்னாலானவையோ அரிது. முதன்மை மாணவர் ஒருவருக்கே வழங்கப்பட்டமை ஒரு காரணம். பொன் எளிதில் உருகும், எங்கும் விலைபோகும் என்பது மற்றொன்று. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தையும் மைசூரையும் வாட்டிய பெரும்பஞ்சத்தில் நகைகளை விற்று உயிர் காத்த குடும்பங்கள் பல. பசித்த வீட்டில் பதக்கம் மட்டும் எவ்வாறு தப்பும்?

பதக்கம் பெற்றோர் யாவரும் செல்வராக வாழ்ந்தனர் என எண்ணுதல் தவறு. கல்கத்தா இந்துக் கல்லூரி மாணவராயிருந்த மைக்கேல் மதுசூதன தத்தர், பெண்கல்வி பற்றிய கட்டுரைக்காக 1842-இல் பொற்பதக்கம் வென்றார். 1848-இல் சென்னைக்கு வந்து, ஆதரவற்றோர் பள்ளியொன்றில் ஆசிரியராக அமர்ந்து, 1856 வரை இங்கே வாழ்ந்தார். அவருடைய முதல் ஆங்கிலக் கவிதை நூல் 1849-இல் நம் சென்னையில்தான் அச்சேறியது. பின்னர் வங்கக் கவிதைக்குப் புதுநெறி வகுத்த அப்பெருங்கவிஞர், 1873-இல் கல்கத்தா மருத்துவமனையொன்றில் வறுமையுற்று மறைந்தார். பொற்பதக்கம் அவரை வறுமையினின்று காக்கவில்லை. ஆனால் பெண்கல்விக்காகப் பதினெட்டு வயதில் ஓர் இளைஞர் எழுதினார் என்பதற்கு அப்பரிசு சான்றாக நிற்கிறது.

பொன்னின் அருமை நம்மவர் அறியாததன்று. 1880 முதல் கோலார் தங்கவயலில் ஆழ்சுரங்கம் இறங்கிப் பொன் தோண்டியவருள் பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளரே. அச்சுரங்கங்கள் 2001-இல் மூடப்பட்டன. ஒரு குன்றிமணிப் பொன்னுக்கு எத்துணை வியர்வை என்பதை அக்குடும்பங்களுக்கு யாரும் சொல்லித் தரவேண்டுவதில்லை.

இத்தகைய பதக்கம் இல்லத்தில் இருப்போர் சிலவற்றை நினைவிற் கொள்ளுதல் நன்று. பொன்முலாம் பூசிய வெள்ளியும் பொற்பதக்கம் என்ற பெயரில் வழங்குவதுண்டு. தூய பொன் நீரினும் பத்தொன்பது மடங்கு கனமுடையது. வெள்ளி பத்து மடங்கிற்குச் சற்று மிகுதி. ஆதலின் பதக்கத்தை ஒருமுறை வெளியிலும் ஒருமுறை நூலிற் கட்டி நீருள் அமிழ்த்தியும் எடைபோட்டால், உரைகல்லின் கீறலின்றியே உண்மை புலப்படும். பளபளப்பாக்கத் தேய்த்தலாகாது, கையாற் செதுக்கிய பெயரும் ஆண்டும் மழுங்கிவிடும். நூறாண்டு கடந்த பதக்கத்தை வெளிநாட்டு உறவினருக்கு அனுப்புமுன், 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின் ஏற்றுமதித் தடை அதற்குப் பொருந்துமா எனக் கேட்டறிதல் வேண்டும்.

அன்று கடைக்காரரிடம் சற்றுப் பொறுக்க வேண்டினோம். மெல்லிய தாளைப் பதக்கத்தின்மேல் வைத்துப் பென்சிலால் மெல்லத் தேய்த்தோம். முப்பாட்டனாரின் பெயர், ஆண்டு, பாடம் ஆகியன ஒவ்வொன்றாய்த் தாளில் எழுந்தன. எடையையும் ஓரத்தில் குறித்துக்கொண்டோம். பெரியவர் அதனை நெடுநேரம் பார்த்திருந்துவிட்டுப் பதக்கத்தைக் கடைக்காரரிடம் நீட்டினார்.

பதக்கம் மீளவில்லை. வட்டி முதலை விழுங்கிற்று. பேத்தியோ பட்டம் பெற்றாள். அவளது பட்டச் சான்றிதழுக்கு அருகே அந்தத் தாளும் கண்ணாடியிட்டுச் சுவரில் தொங்குகிறது. கல்விக்குக் கிடைத்த பொன் கல்விக்கே சென்றது என்று பெரியவர் அமைதி கொள்வார்.

வேர்விட்ட மண்ணை நீங்கி வந்த நம் குடும்பங்களில் பெட்டியடியில் இத்தகைய பொருள்கள் இன்னும் இருக்கலாம். அவற்றைக் காக்க இயலுமேல் காப்போம். இயலாதேல் பொறித்த பெயரையேனும் படியெடுத்து வைப்போம்.